சூளைப் பக்கத்து ஜன்னல்

ஊரை விட்டு மலைக்குப் போகும் சாலையில் வலது கைப் பக்கம் பழைய பண்ணை மாளிகை இருக்கிறது. இடது கைப் பக்கம் செங்கல் சூளை. அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். இரும்புக் கதவு, அதற்கப்பால் இரண்டு வரிசையாக மரங்கள், கோடியில் வெள்ளை வெளேரென்று மாளிகையின் முகப்பு. பார்க்கத் தகுந்த காட்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கர்ட்டன் கடைக்காரர் குடும்பம் மட்டும் அந்த இடம் வந்ததும் இடப்பக்கம் திரும்பி, செங்கல் சூளையைப் பார்க்கும்.

மூன்று தலைமுறையாக இப்படித்தான். வண்டியில் போன காலத்திலும், பேருந்தில் போன காலத்திலும், சொந்தக் கார் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. தூரத்தில் புகைக்கூண்டு தெரிந்ததும் வீட்டுப் பெரியவர் ஒரு தடவை தொண்டையைக் கனைப்பார். அத்தனை தலையும் ஒன்றாக இடப்பக்கம் திரும்பும். அதனால் அந்தச் சூளையைப் பற்றி அதன் முதலாளிக்குத் தெரியாததுகூட இவர்களுக்குத் தெரியும். எந்த வருஷம் கூரை மாற்றினார்கள், எந்த மழையில் மேற்குச் சுவர் சரிந்தது என்று கேட்டால் கடைக்காரர் யோசிக்காமல் சொல்லுவார். அவருடைய மகன் சின்ன வயதில், “அது நம்ம சூளையாப்பா?” என்று கேட்டிருக்கிறான். வேறு எதற்காக ஒரு குடும்பமே அதை இவ்வளவு மரியாதையாகப் பார்க்க வேண்டும்?

இப்போது கடைக்காரர்தான் அந்த வீட்டுப் பெரியவர். முதுகு சாய்ந்து உட்கார்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை. நாற்காலிக்குச் சாய்மானம் எதற்கென்று கேட்கிற ஆள். குடும்பத்துக்கென்று சில விஷயங்கள் உண்டு, அவற்றைக் காப்பாற்றத்தான் மூத்தவன் என்று ஒருவன் பிறக்கிறான் என்பது அவர் எண்ணம். அவருக்கும் மூத்தவளாக ஓர் அக்கா இருப்பதை அந்த எண்ணத்தின் நடுவே சில சமயம் மறந்துவிடுவார்.

அந்த அக்கா இப்போது வீட்டில்தான் இருந்தாள். வெகு தூரத்தில் மகளோடு இருப்பவள், பல வருஷம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். வரும்போதே புத்தம் புதிய வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஒன்றை வாங்கி வந்திருந்தாள். “இந்த வயசுல ஓட்டப் பந்தயமா?” என்று கடைக்காரர் கேட்டதற்குச் சிரித்தாளே தவிர, பதில் சொல்லவில்லை.

பதில் ஒரு நாள் மாலை, சாப்பாட்டு மேசையில் வந்தது. சொன்னவள் மருமகள்.

மருமகள் பல் டாக்டர். வாயைத் திற என்றால் எதிரில் இருப்பவர் யாரானாலும் திறந்துதான் ஆகவேண்டும். மறுபேச்சு பேச வழியே கிடையாது. வீட்டிலும் அதே தோரணைதான்.

“வர்ற சனிக்கிழமை எல்லாரும் பண்ணை மாளிகைக்குப் போறோம். நான் கிளினிக்கு லீவு சொல்லியாச்சு.”

கடைக்காரரின் மனைவி கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள். மகன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

“எந்த மாளிகை?” என்றார் கடைக்காரர்.

“என்ன மாமா, சூளைக்கு எதிர்த்தாப்ல இருக்கே, அதான். மியூசியமா ஆக்கிட்டாங்கள்ல. தோட்டம், குளம், பழைய சாமான் எல்லாம் அப்படியே வச்சிருக்காங்களாம்.”

“சூளை தெரியும். அதுக்கு எதிர்த்தாப்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது.”

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் மென்ற வாயோடு, “சொன்னேன்ல,” என்று முணுமுணுத்தான்.

“அவளை எதுக்குடா முறைக்கிற?” என்று தம்பியைக் கேட்டாள் அக்கா. “போகலாம்னு கேட்டது நான். எனக்கு அந்தத் துணியைப் பாக்கணும்.”

அந்தத் துணி என்றால் என்னவென்று மருமகளுக்குத் தெரியாது. அக்காவே சொன்னாள். அந்த மாளிகையின் பெரிய கூடத்துக்குத் திரைச்சீலை தைத்தவர் இவர்களுடைய தாத்தா. நீல வெல்வெட். ஆள்மேல் ஆள் நின்றாலும் எட்டாத உயரம். தைத்ததுபோக மிஞ்சிய துணி வீட்டுப் பெட்டியில் கிடந்தது. பல வருஷம் கழித்து அம்மா அதை எடுத்து, பள்ளிக்கூடம் போகிற மகளுக்குக் கவுன் தைத்துப் போட்டாள். திரைச்சீலைத் துணி, கவுனாக ஆனாலும் திரைச்சீலை மாதிரியேதான் தொங்கியது. அன்றிலிருந்து அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘திரைச்சீலை’ என்றே பேர் விழுந்துவிட்டது.

“நான் வகுப்புக்குள்ள வந்தாப் போதும், ‘ஜன்னலைச் சாத்துங்கடி, திரைச்சீலை வந்தாச்சு’ம்பாங்க. நடந்தா, கம்பியில வளையம் ஓடற மாதிரி ஒருத்தி வாயாலயே சத்தம் கொடுப்பா. அழுதுகிட்டே வீட்டுக்கு வருவேன். ஆனா அந்தக் கவுனை மட்டும் கிழியற வரைக்கும் விடலையே! அதோட மிச்சம் இன்னும் அங்க தொங்குதாம். ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்டா.”

“போக முடியாதுக்கா. உனக்குத் தெரியாததா?”

“எனக்குத் தெரியாது மாமா,” என்றாள் மருமகள்.

கடைக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். இந்தக் கதையைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

தாத்தா திரைச்சீலைகளைத் தைத்து முடித்து, தன் கையாலேயே மாட்டுவதற்காக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று புதிய கூடத்தைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். தாத்தா இஸ்திரி போட்ட கோட்டு மாட்டிக்கொண்டு முன்படி ஏறினார். மேனேஜர் குறுக்கே கை நீட்டி, “தையக்காரங்கள்லாம் சமையக்கட்டு வழியா,” என்றான். தாத்தா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “துணி இந்த வழியாப் போகலாம், தைச்சவன் போகக் கூடாதா?” நீட்டிய கை இறங்கவில்லை. மூட்டைகளை முன்படியிலேயே இறக்கி வைத்துவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னார்: அந்த வீட்டிலிருந்து வாய் திறந்து கூப்பிட்டாலொழிய, நாலு பேர் போகிற வாசல் வழியாக நாமும் போகலாம் என்று ஆனாலொழிய, நம் வீட்டு ஆள் ஒருத்தரும் அங்கே கால் வைக்கக் கூடாது. அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கக் கூடாது.

“அவ்வளவுதான்,” என்றார் கடைக்காரர். “கூப்பிடணும். முன்வாசல் வழியா விடணும். ரெண்டும் நடக்கல. நாம போகல.”

“கூப்பிட அங்க யாரு மாமா இருக்கா? வீட்டுக்காரங்கதான் எப்பவோ வித்துட்டுப் போயிட்டாங்களே.”

“அது அவங்க பிரச்சினை.”

“இவரை நான் கட்டிக்கிட்டப்பவும் இதே கதைதான்,” என்றாள் மனைவி. “எங்க சித்தப்பா ஒருத்தர் இவரைப் பாத்து ‘வாங்க’ன்னு சொல்ல மறந்துட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அந்தத் தெரு வழியாப் போகமாட்டாரு. நல்லவேளை, அந்தத் தெருவுல பாக்கறதுக்குச் சூளை எதுவும் இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரருக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார்.

“நீங்க வேணா போயிட்டு வாங்க. நான் தடுக்கல,” என்றார்.

“நீ வராம நான் போவேனா?” என்றாள் அக்கா. “தாத்தா பேச்சு உனக்கு மட்டும்தான் சொத்தா? போனா எல்லாருமாப் போகணும். இல்லேன்னா வேண்டாம்.”

மருமகள் விடுகிற ஜாதி இல்லை. கை கழுவினதும் போனை எடுத்து மேசை நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிறபடி மாளிகையின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. பிறகு தேனாக ஒரு பெண் குரல்: “பண்ணை மாளிகை அருங்காட்சியகத்துக்கு உங்களை அன்புடன் அழைக்கிறோம்.”

“கேட்டீங்களா மாமா! அழைச்சாச்சு!”

“அது மெஷின்மா. அது யாரைத்தான் அழைக்காது?”

அடுத்து ஆள் ஒருத்தர் வந்தார். மருமகள் சனிக்கிழமை நேரத்தை விசாரித்தாள். பெரியவர்கள் வருவதால் வண்டியை எதுவரை கொண்டுவரலாம் என்று விசாரித்தாள். கடைசியாக, ஒன்றுமறியாதவள் போல, “உள்ள வர்றது முன்வாசல் வழியாத்தானே?” என்றாள்.

“இல்ல மேடம். முன்வாசல் மூடியிருக்கு. பின்னால சமையக்கட்டு வாசல் வழியா வரணும்.”

கடைக்காரர் எழுந்துவிட்டார். “பாத்தியா! அன்னைக்குச் சொன்னதையே சொல்றான், வார்த்தைகூட மாறல!” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட ஜெயித்த பெருமைதான் அதிகம் இருந்தது. நாம் சொன்னது சரியாகப் போனால் யாருக்கும் வருகிற சந்தோஷம்தான் அது.

அந்தச் சந்தோஷம் கூடத்தைத் தாண்டும் வரைதான் நின்றது. அக்காவின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அந்த வெள்ளை ஷூவை, அதோடு வந்த மெல்லிய காகிதத்திலேயே திரும்பச் சுற்றி, ஒன்றின் தலைமாட்டில் ஒன்றின் கால்மாடு வருகிறபடி பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கோபமாகவும் இல்லை, அழவும் இல்லை. கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிற பொருளை வைப்பதுபோல் வைத்தாள். தம்பியைப் பார்த்ததும், “தோட்டத்துல நடக்கறதுக்குன்னு வாங்கினேன். பரவால்லடா, பொண்ணுக்கு அளவு சரியா இருக்கும்,” என்றாள்.

திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் வழக்கமாக வெட்டு மேசைக்குப் போகிறவர், அன்று போனுக்கு எதிரில் போய் நின்றார். ஒரு ஜன்னலுக்குத் துணி அளந்தார். அளந்ததை மறந்து திரும்ப அளந்தார். அந்தக் கையில் அப்படி நடக்கிற வழக்கமில்லை. துணியைச் சுருட்டி வைத்துவிட்டு மாளிகைக்குப் போன் போட்டார். மெஷின் அன்புடன் அழைத்தது. “சரி சரி,” என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு, பொறுப்பில் இருப்பவரிடம் பேசவேண்டும் என்றார்.

பொறுப்பில் இருந்தவள் ஒரு பெண். குரலைக் கேட்டால் அவர் மருமகள் வயதுதான் இருக்கும். கடைக்காரர் தான் இன்னார் பேரன் என்று சொன்னார். கூடத்துக்குத் திரைச்சீலை தைத்தவர் அந்தத் தாத்தாதான் என்றார். மறுபக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“அந்த நீல வெல்வெட்டா சார்? ரெண்டு ஜன்னல்ல இன்னும் தொங்குதே! மத்தது பெட்டியில பத்திரமா வச்சிருக்கோம். வெயில் பட்ட பக்கம்தான் கொஞ்சம் வெளுத்திருக்கு.”

“உள்துணி ரெட்டையாக் கொடுத்திருப்பாரு. அதான் நிக்குது.” அவர் குரல் லேசாக இளகியது, உடனே நிமிர்ந்துகொண்டது. “நான் ஒரு சலுகையும் கேக்க வரல. ஒரு விஷயம் தெரிஞ்சாகணும். சமையக்கட்டு வாசல் வழியா வரணும்னு சொல்றீங்களே, அது எங்களை மாதிரி ஆளுங்களுக்கா, எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான் சார். முன்படிக் கல்லு வெடிச்சிருக்கு. ரிப்பேர் முடியற வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போகறதில்ல.”

“மந்திரி வந்தா?”

“வந்தாரு. சமையக்கட்டு வழியாத்தான் வந்தாரு.”

“அந்த வீட்டுக்காரங்களே வந்தா?”

அந்தப் பெண் சிரித்தாள். “போன மாசம் அந்தக் குடும்பத்துப் பேரன் ஒருத்தர் வந்தாரு சார். எங்க வீட்டுக்கு நான் பின்வாசல் வழியா வரணுமான்னு ஒரே சத்தம். அப்புறம் அவரும் எல்லாரோட வரிசையில நின்னு வந்தாரு. அந்த வாசல் நிலை கொஞ்சம் தாழ்வு. குனியாம வந்து நெத்தியில இடிச்சுக்கிட்டாரு, பாவம்.”

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளிக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டென்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

சிரித்தது கொஞ்சம் வழிவிட்டது. அந்தப் பெண் ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்க, தாத்தா கதையைச் சுருக்கமாகச் சொன்னார். சூளையைப் பற்றிச் சொல்லவில்லை. அது வீட்டு விஷயம்.

அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “சார், நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் படிமேல பலகை போட்டு முன்வாசலைத் திறக்கச் சொல்றேன். உங்க குடும்பம் மட்டும் அந்த வழியா வரட்டும்,” என்றாள்.

மூன்று தலைமுறை காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். கடைக்காரர் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெதிரில் அந்தப் படி தெரிந்தது; பார்த்தே இராத படி. அதன்மேல் இறக்கி வைத்த மூட்டைகள் தெரிந்தன. தாத்தா அன்று என்ன கேட்டார் என்று யோசித்தார். எனக்குத் தனியாக ஒரு வாசல் திற என்றா கேட்டார்? வந்திருந்த நாலு பேரோடு நாலு பேராக உள்ளே போகத்தானே கேட்டார்! ‘முன்வாசல்’ என்று அதைச் சுருக்கிச் சொல்லிச் சொல்லிப் பழக்கியது பின்னால் வந்தவர்கள்.

“வேண்டாம்மா,” என்றார். “நாலு பேர் போற வாசல்ல விடலைன்னுதான் எங்க தாத்தா திரும்பி வந்தாரு. இப்ப நாலு பேரு சமையக்கட்டு வழியாப் போறப்ப நான் மட்டும் முன்பக்கமாப் போனா, அந்த மேனேஜர் பண்ணின வேலையை நானே பண்ணின மாதிரி ஆயிடும். எல்லாரும் வர்ற வழியா நாங்களும் வர்றோம். ஆனா ஒண்ணு. கூப்பிடணும்.”

“கூப்பிடறேன் சார். கண்டிப்பா வாங்க.”

“என்னை இல்ல. எங்க அக்காவை. எங்க வீட்டுக்குப் பெரியவ அவதான். சாயங்காலமா வீட்டு நம்பருக்குக் கூப்பிடுங்க.”

“சார், நான் இங்க சம்பளத்துக்கு வேலை பாக்கறவ. இந்த மாளிகை சார்பா நான் கூப்பிட்டா சரியா இருக்குமா?”

“சாவி யார் கையில இருக்கு?”

“என் கையிலதான்.”

“அப்ப நீங்கதான்மா வீட்டுக்காரி.”

சாயங்காலம் காபி நேரத்தில் வீட்டுப் போன் அடித்தது. கடைக்காரர் அன்று சீக்கிரமே கடையிலிருந்து வந்து, கூடத்தில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். “யாராவது எடுங்களேன்,” என்றார், நகராமல். பக்கத்திலிருந்த அக்கா எடுத்தாள்.

“ஆமாம்மா, நான்தான்… எங்களையா?… அப்படியா சொன்னாரு?… எல்லாரும் வர்றோம்மா. ரொம்ப சந்தோஷம். நீங்களும் ஒரு நாள் எங்க வீட்டுக்கு வாங்க.” ரிசீவரை வைத்துவிட்டு, கூடத்துக்கு நடுவில் வந்து நின்று, கல்யாண வீட்டில் செய்தி சொல்கிற குரலில் சொன்னாள்: “பண்ணை மாளிகையிலேர்ந்து நம்ம எல்லாரையும் கூப்பிட்டிருக்காங்க.”

“அப்படியா? பரவால்லையே,” என்றார் கடைக்காரர், பத்திரிகைக்குப் பின்னாலிருந்து.

“பரவால்லையா? அந்தப் பொண்ணு சொல்லுது, ‘காலையில பேசின சார் ரொம்பக் கண்டிப்பானவரு போலிருக்கு, பாத்துப் பதவிசாக் கூப்பிடணும்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டு அப்புறம்தான் போன் போட்டேன் மேடம்’ங்குது!”

மருமகள் கை தட்டினாள். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “காதும் காதும் வச்ச மாதிரி வேலை நடந்திருக்கு!” என்றாள்.

“சமையக்கட்டு வாசல் பரவால்லையா மாமா?” என்று கேட்டாள் மருமகள்.

“நாலு பேர் போற வாசல்தானே? மந்திரியே அந்த வழியா வந்திருக்காரு.” பத்திரிகை இறங்கிவிட்டது. அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. “அந்த வீட்டுப் பேரனும் வரிசையில நின்னு அப்படித்தான் வந்தானாம். நிலை தாழ்வு. நெத்தியில நல்லா இடிச்சுக்கிட்டானாம்!”

இதை இரண்டாவது தடவையும் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

“நிலை தாழ்வுன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றாள் மனைவி. “இந்த முதுகு வளைஞ்சு நான் பாத்ததே இல்லையே!”

“முதுகு எதுக்கு வளையணும்? கழுத்தை மட்டும் குனிஞ்சாப் போதும்.”

அதன்பிறகு ஏற்பாடுகள் மளமளவென்று நடந்தன. கடைக்காரர் தலைமையை ஏற்றுக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டார். அழைத்த இடத்துக்குத் தாமதமாகப் போவது மரியாதையில்லை, காலையிலேயே கிளம்பவேண்டும் என்றார். கோட்டை எடுத்து இஸ்திரிக்குப் போடச் சொன்னார். கோட்டுப் பையில் போட்டுக்கொள்ள இன்ச் டேப்பை எடுத்து வைத்தார். “அங்க போய் ஜன்னலை அளந்து மானத்தை வாங்காதீங்கப்பா,” என்றான் மகன். “அளக்கமாட்டேன்டா. பையில இருந்தா ஒரு தைரியம்,” என்றார்.

கடைசியாகக் காரில் யார் எங்கே என்ற பேச்சு வந்தது.

“நான் ஓட்டறேன், பக்கத்துல இவ,” என்றான் மகன். “பின்னால உங்க மூணு பேரு. அப்பா எப்பவும்போல இடது ஜன்னல்.”

எப்பவும்போல என்றால் சூளைப் பக்கத்து ஜன்னல். கார் வந்த நாளிலிருந்து அது அவருடைய இடம். வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. கூடத்தில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“அக்கா வலது ஜன்னல்ல உக்காரட்டும்,” என்றார். “மரம் ஆரம்பிக்கிற இடத்துலேர்ந்து அவ பாத்துக்கிட்டே வரணும். நான் நடுவுல உக்காந்துக்கறேன்.”

“நடு சீட்டா? நீங்களா?”

“நடுவுல உக்காந்தா அக்கா தலைக்கு மேல எட்டிப் பாக்கலாம்ல.”

“அப்ப இடது ஜன்னல் எனக்கா?” என்றாள் மனைவி. “வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து அந்தச் சூளையைப் பாத்துப் பாத்து என் கண்ணு செவந்ததுதான் மிச்சம். இன்னும் நான் அதைத்தான் பாக்கணுமா?”

“யாராவது ஒருத்தர் பாக்கணும்மா. இத்தனை வருஷப் பழக்கம். திடீர்னு ஒருத்தரும் திரும்பிப் பாக்கலைன்னா, பாவம், அது என்ன நினைச்சுக்கும்?”

“நல்லா இருக்கு நியாயம்! ஆனா திரும்பி வர்றப்ப மாளிகை என் பக்கம்தான் வரும். அப்ப இடம் மாத்திக்கோன்னு யாரும் கேக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.”

“கேக்கமாட்டோம்,” என்றார் கடைக்காரர். “வர்றப்ப சூளையை அக்கா பாத்துக்குவா.”

அக்காவிடமிருந்து பதிலைக் காணோம். அவள் எப்போதோ எழுந்து போயிருந்தாள். அறையிலிருந்து அட்டைப் பெட்டி திறக்கிற சத்தமும், மெல்லிய காகிதம் சரசரக்கிற சத்தமும் கேட்டன. பிறகு புது ஷூ தரையில் தேய, அவள் கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும், ஜன்னலிலிருந்து கட்டில் வரைக்கும் நடந்து பழகுவது கேட்டது. கீச், கீச் என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம்.

“என்ன அது சத்தம்?” என்றாள் மருமகள்.

“திரைச்சீலை நடக்குது,” என்றார் கடைக்காரர். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அன்று ஒருநாள் மட்டும், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.